நடிகையின் புத்தகமும் விசாலம் அம்மாவின் கால்களும்

நான் பார்த்துக்கொண்ட கேஸில் ஒருத்தருக்குக்கூட முதுகில் புண் வந்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஆபீஸ் ஒன்று கடலூரில் இருக்கிறது. நான் வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் அங்கே புதிதாகச் சேரும் பெண்கள் என்னைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். "பூங்கா ஆயா, இடுப்பு ஒடஞ்ச அம்மாவ சினிமாக்காரி புத்தகத்தப் படிச்சே நடக்க வெச்சீங்களாமே, நெசமா?" என்று கேட்கிறார்கள். வாய்க்கு வாய் மாறி, நான் ஏதோ மந்திரம் ஓதின மாதிரி ஆகிவிட்டது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். மூன்றாம் வகுப்புவரைக்கும்தான் படித்தேன். எழுத நாளாகும். ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

என் பெயர் பூங்காவனம். தேவனாம்பட்டினத்தில் பிறந்தேன், அங்கேயே கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் கடலுக்குப் போனார், நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாகப் போனேன். வேலை கற்றுக்கொண்டது மார்த்தா சிஸ்டரிடம். அவர் திட்டி நான் பார்த்ததில்லை. விரித்த படுக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவு தடவுவார். சுருக்கம் இருந்தால், ஒரு பிஸ்கட் தூள் இருந்தால், கையை அங்கேயே நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு ரெண்டு அறை வாங்கியிருக்கலாம்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒரு காலிக் கட்டிலைக் காட்டி, "படு" என்றார்.

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"தெரியும். படு. நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

படுத்தேன். முதலில் சுகமாகத்தான் இருந்தது. நேரம் போகப் போகக் குதிகால் எரிந்தது. வால் எலும்பில் யாரோ கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி வலித்தது. முகத்தில் ஈ உட்கார்ந்தது, ஓட்டக் கை துடித்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்த பிறகு சிஸ்டர் வந்து, "எங்கெங்க வலிக்குது?" என்று கேட்டார். ஒவ்வொரு இடமாகச் சொன்னேன். "அந்த இடத்தையெல்லாம் மறக்காத" என்றார். என் படிப்பு அன்றைக்கே முடிந்துவிட்டது என்றுதான் சொல்லுவேன். மற்றதெல்லாம் பழக்கம். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார், வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை, வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் ஆரம்பிக்கிறது. அதைத் தேய்க்காதே. அக்குளில் கை கொடுத்துத் தூக்காதே, பழைய வேட்டியை மடித்து இடுப்பில் கட்டி அதைப் பிடி. இடுப்பு உடைந்தவர்களுக்கு முதலில் வாக்கர், அப்புறம் நோவுகிற கால், கடைசியில் நல்ல கால். இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் வயதாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். எனக்கா வயதாகிவிட்டது? வீட்டுக் கேஸ்களுக்குப் போக ஆரம்பித்தேன். முதல் கேஸ் குமராட்சிப் பக்கம், பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். ஆள் தூண் மாதிரி இருப்பார். புரட்டும்போதெல்லாம் என் பரம்பரையையே திட்டுவார். ஒரு ஐப்பசியில் வெள்ளம் வந்து மினிபஸ் நின்றுபோய், எனக்கு மாற்றாக வரவேண்டியவள் வரவில்லை. வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்திவிட்டு, தண்ணீரில் நின்றுகொண்டே அவரைப் புரட்டினேன். அப்போதும் திட்டினார். "நல்லா திட்டுங்க மாமா, திட்டத் திட்டத்தான் வாய் நேராவுது" என்றேன். சிரித்துவிட்டார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. அதுவே பெரிய காரியம்.

விசாலம் அம்மாவின் கேஸ் அதற்கு நாலைந்து வருஷம் கழித்து வந்தது. சிதம்பரத்தில், தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து கொண்டுவந்திருந்தார்கள். மகன் கணேசன் சார் பேங்கில் வேலை. மருமகள் வசந்தா. ரெண்டு பேரும் நல்ல மாதிரி. சைவ வீடு. நான் மீன் சாப்பிடுகிறவள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், பிறகு பேச்சு வரக் கூடாது இல்லையா. அதற்கு விசாலம் அம்மா படுத்தபடியே, "நீ என்ன சாப்புட்டா எனக்கென்ன, கை வழுக்காம இருந்தா சரி" என்றார். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

எலும்பு கூடிவிட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் நிற்க மாட்டேன் என்றுவிட்டார். வாக்கரைக் கிட்டே கொண்டுபோனாலே கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "மறுபடி வுழுந்தா யாரு ஒட்டுவா? நீயா?" என்பார். பார்க்க வந்த டாக்டர் என்னையும் சாரையும் வாசலுக்கு அழைத்துச் சொன்னார்: "இப்ப நோய் எலும்புல இல்ல, பயத்துல இருக்கு. இப்படியே படுத்திருந்தா நெஞ்சுல சளி கட்டும். அப்பறம் யார் கையிலயும் இல்ல. இந்த மழைக்கு முன்னாடி நிக்க வெச்சிடுங்க."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பயம்தான். என் பயம் வேறு. புண் வராமல் நான் பார்த்துக்கொள்வேன், ஆனால் சளிக்கு நான் என்ன செய்ய முடியும்? வாக்கர் மூலையிலேயே நின்றது. வசந்தா அதில் துண்டு காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் புத்தகம் வந்தது. சென்னையிலிருக்கும் விசாலம் அம்மாவின் மகள் தபாலில் அனுப்பியிருந்தாள். பழைய காலத்துப் பெரிய நடிகை ஒருத்தர் தன் கதையைத் தானே எழுதின புத்தகம். பெயரை நான் எழுதவில்லை. அவர் கதையை அவரே எழுதிவிட்டார், நடுவில் நான் எதற்கு? அட்டையில் அவருடைய சின்ன வயசுப் படம். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடலூரில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்து நான் எத்தனை தடவை அழுதிருப்பேன்!

விசாலம் அம்மாவும் அந்தப் படங்களைப் பார்த்தவர்தான். கல்யாணத்துக்கு முன்னால். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரருக்குச் சினிமா பிடிக்காது.

அம்மாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை. படிக்க முடியாது. முதலில் சார்தான் படித்தார். கடகடவென்று படித்தார். பத்து நிமிஷம் ஆனதும் அம்மா, "போதும், நிறுத்து" என்றார். அவர் போன பிறகு என்னிடம், "நடுவுல நாலஞ்சு வரிய முழுங்கிட்டான். எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்கு முன்னால படிக்கக் கூச்சம்" என்றார். பிறகு, "ஒனக்குப் படிக்கத் தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பஸ்ஸு போர்டு, மாத்திர அட்டை, சினிமா போஸ்டரு."

"அது போதும். எடு."

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளால் எதையும் முழுங்க முடியாது. முன்னால் என்ன வருகிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே! விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, வார்த்தை வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று எனக்கே தெரியும். அந்த நடிகை எழுதியிருந்ததும் சாதாரணமாகவா? புருஷன் அடித்ததை எழுதியிருந்தார். குடித்ததை எழுதியிருந்தார். இன்னொரு நடிகைக்கு நல்ல படம் கிடைத்தபோது வயிறு எரிந்ததை எழுதியிருந்தார். நான் பாதி வார்த்தை சொல்லும்போதே அது எங்கே போகிறது என்று தெரிந்து என் காது சூடாகும். அதற்குள் வார்த்தை வந்து விழுந்துவிடும்.

"என்னா தைரியம் பாரு" என்பார் விசாலம் அம்மா. ஒருநாள் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "என் வீட்டுக்காரரு என்னை ஒரு வார்த்த சுடச் சொன்னது கெடயாது பூங்கா. ஆனா ஒனக்கு என்னா புடிக்கும்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இத நான் இப்பதான் வாயத் தொறந்து சொல்றேன். அவ ஊருக்கே எழுதிட்டா."

ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மிஞ்சினால் ஒன்றரை. அதற்குமேல் என் கண்ணுக்கும் வாய்க்கும் முடியாது. நானும் சும்மா படிக்கவில்லை. "அந்தப் பக்கம் இருட்டு, ஜன்னலோரமா ஒக்காருங்க, அப்பதான் எனக்கு எழுத்துத் தெரியும்" என்றேன். கதை கேட்கிற ஆசையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அதுவே நெஞ்சுக்கு நல்லது. அடுத்த வாரம், "நின்னீங்கன்னா இன்னும் ஒரு பக்கம்" என்று பேரம் பேசிப் பார்த்தேன்.

"அவ எழுதினத படிக்கத்தான் ஒன்ன வெச்சிருக்கு. என்ன ஆட்டி வெக்க இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழை மாதம் வேறு கிட்டே வந்துகொண்டிருந்தது.

வசந்தாவுக்கு அந்த அட்டைப் படம் சங்கடம். வருகிறவர்கள் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்று பழைய காலண்டர் தாளைக் கிழித்து அட்டை போட்டுவிட்டாள். காலண்டரில் இருந்தது சிவன் பார்வதி. இப்போது நடிகை உள்ளே, சிவன் பார்வதி வெளியே. நல்ல எண்ணத்தில்தான் செய்தாள்.

சரஸ்வதி பூஜைக்கு விசாலம் அம்மாவின் நாத்தனார் லோகாம்பாள் வந்தார். வீட்டுக்காரரின் தங்கை. நெற்றி நிறைய விபூதி, எல்லாவற்றிலும் ஆசாரம். எனக்குத் தண்ணீர் டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னவர் அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான். பூஜைக்காக வீட்டிலிருந்த புத்தகங்களையெல்லாம் சேகரித்தார். ஜன்னலோரம் கிடந்த சிவன் பார்வதியைப் பார்த்ததும் தேவாரமோ திருவாசகமோ என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டுபோனார். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால், ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தக அடுக்குக்கு மேலே நடிகையின் புத்தகம். சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம்!

முந்தின நாள் நாங்கள் நிறுத்தியிருந்தது எப்படிப்பட்ட இடம் தெரியுமா? அந்த நடிகை புருஷன் வீட்டைவிட்டுப் போவது என்று முடிவுபண்ணி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறார். அங்கே பக்கம் முடிந்தது. அடையாளத்துக்குக் காயம் கட்டும் துணியில் ஒரு துண்டை வைத்து மூடியிருந்தேன்.

"புத்தகத்த எடுத்துட்டு வா" என்றார் விசாலம் அம்மா.

"அது பூசையில இருக்கு."

"எந்த மடச்சி வெச்சா?"

லோகாம்பாள் எட்டிப்பார்த்து, "நான்தான் அண்ணி. இன்னைக்கு எந்தப் புத்தகத்தையும் தொடக் கூடாது. நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுத்துப் பிரிக்கணும்" என்றார். அதற்குள் இருப்பது என்ன என்று யார் சொல்வது? நான் வசந்தாவைப் பார்த்தேன், வசந்தா சுண்டலைப் பார்த்தாள். விசாலம் அம்மா அன்றைக்கு ரசம்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி முடிந்ததும், ஆளுக்கு ஒரு புத்தகத்தை எடுத்து நாலு வரி படிக்க வேண்டும், அதுதான் வழக்கம். லோகாம்பாள் மேலே இருந்ததை எடுத்தார். கண்ணில் ஒற்றினார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். துணித்துண்டு இருந்த இடத்தில் பிரித்து, பாட்டுப் பாடுகிற குரலில் இழுத்து வாசித்தார்:

"அன்று நான் நிறையவே குடித்திருந்தேன். வாசலில் கார் காத்திருந்தது..."

சார் இருமினார். வசந்தா அடுப்படிக்குள் போய்விட்டாள். அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். லோகாம்பாள் புத்தகத்தை மூடுவார் என்று பார்த்தால், மூடவில்லை. கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. மேலே படித்துக்கொண்டே போனார்.

"லோகா! சத்தமா படி!" என்று உள்ளேயிருந்து விசாலம் அம்மா கத்தினார்.

"லோகா! ஒன்னத்தான்!"

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பக்கத்தத் திருப்பிட்டாடி! நான் இன்னும் அந்த எடத்துக்கே வரல, அவ எனக்கு முன்னாடி போறா!" என்றார். அடுத்து சொன்னதை என் காது நம்பவில்லை. "அந்த நாலு கால் சனியன எடுத்துட்டு வா."

வாக்கரில் ரெண்டு துண்டும் ஒரு பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. உதறிப் போட்டுவிட்டு எடுத்து வந்தேன். மடித்த வேட்டியை அவர் இடுப்பில் சுற்றி முடிந்து, பின்னால் கையை நுழைத்துப் பிடித்தேன். காலைத் தொங்கப்போட்டு, தலை சுற்றல் அடங்கட்டும் என்று கொஞ்சம் நிறுத்தினேன். "இன்னும் என்னாடி பூச?" என்று அதட்டினார். எழுந்தார். அவர் பாரம் முழுக்க என் கையில் இறங்கியது. வாக்கர், நோவுகிற கால், நல்ல கால். நான் வாயே திறக்கவில்லை. மார்த்தா சிஸ்டர் அந்த நேரத்தில் பேச மாட்டார்.

அறை வாசலில் நிலைப்படி. அங்கே வந்ததும் நின்றுவிட்டார். கீழே குனிந்து பார்த்தார். கட்டில் சட்டத்தைப் பிடிக்கிற மாதிரி வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பழைய பயம் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஹாலில் இன்னொரு தாள் புரண்டது. விசாலம் அம்மா பல்லைக் கடித்து வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். நோவுகிற கால். நல்ல கால்.

சார் பார்த்தார். "அம்மா!" என்று எழுந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"குடு அத" என்றார் விசாலம் அம்மா.

லோகாம்பாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "அண்ணி, இது நல்ல புத்தகம் இல்ல அண்ணி..."

"அதான் மூச்சுவிடாம படிக்கிறியா?"

"இல்ல அண்ணி, கடசியில அவ கார்ல ஏற..."

"வாய மூடு! சொன்னேன்னா பாரு!"

சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காரும்மா. நான் படிக்கிறேன், ஒரு வரி விட மாட்டேன்."

"நீ ஓட்டமா ஓடுவ. பூங்கா படிக்கட்டும். பக்கம் முடிஞ்சப்பறம்தான் ஒக்காருவேன்."

என் ஒரு கை வேட்டி முடிச்சில். விட முடியாது. இன்னொரு கைவிரல் எழுத்தில் ஓட வேண்டும். புத்தகத்தை யார் பிடிப்பது? லோகாம்பாள் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ரெண்டு கையாலும் விரித்து, என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். அடையாளத் துணி இருந்த பக்கத்துக்குத் தானே திருப்பி வைத்தார்.

அத்தனை பேருக்கு முன்னால் நான் அதுவரை படித்ததில்லை. சார் பேங்கு உத்தியோகம், வசந்தா காலேஜ் படிப்பு, பூஜைக்கு வந்த பக்கத்து வீட்டு ஆட்கள் வேறு. எனக்கு வெட்கமா வந்தது? இல்லை. குரலை உயர்த்தித்தான் ஆரம்பித்தேன். அன், று. அன்று. நான். நிறை, ய, வே. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் எனக்கு முன்னால் ஓடி வார்த்தையை எடுத்துக்கொடுக்கவில்லை.

பெட்டியோடு வாசலுக்கு வந்தார் அந்த நடிகை. டிரைவர் கதவைத் திறந்தான். காரில் ஏறப் போனார். ஏறவில்லை. 'எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி உள்ளே வந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தார். அதைக் கூட்டி முடித்ததும் விசாலம் அம்மா, "அவளுக்குமா பயம்?" என்றார். "சரி, மேல படி."

பாதிப் பக்கம் தாண்டியிருக்கும். வேட்டி முடிச்சு என் கையில் லேசானது. விசாலம் அம்மாவின் பாரம் என் கையைவிட்டு இறங்கி, அவர் காலுக்கே போய்விட்டது. நாற்காலி பின்னால் காலியாக இருந்தது. பக்கம் முடிய இன்னும் ஏழெட்டு வரிதான் பாக்கி. நான் அங்கேயிருந்து தெரிந்த வார்த்தையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.